வாத்தியாருக்கு வருஷக் கடைசியில் என்ன கொடுப்பது?

மார்ச் பாதி தாண்டினால் பெற்றோர் வாட்ஸப் குழுக்களில் ஒரு கேள்வி தலைகாட்டும். "கிளாஸ் மிஸ்ஸுக்கு இந்த வருஷம் என்ன கொடுக்கலாம்?" உடனே சுவர்க் கடிகாரம், புடவை, வெள்ளி விளக்கு, கிஃப்ட் கார்டு என்று பட்டியல் நீளும். ஒருத்தர் "எதுக்குங்க இதெல்லாம், அவங்களுக்குத்தான் சம்பளம் இருக்கே" என்பார். இன்னொருத்தர் "குருதட்சிணைங்க, நம்ம கலாசாரம்" என்பார். இந்த இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமே என்று போன வருஷம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாச்சு. சம்பளம் வேறு, தட்சிணை வேறு என்று நாம் பிரித்துப் பேசுவது ரொம்பப் பிந்திய பழக்கம். வரலாற்றில் பெரும்பாலான காலம் இரண்டும் ஒரே சுருக்குப் பையில்தான் கிடந்தன.

முதலில் பழைய லிஸ்ட் ஒன்று. மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில், படிப்பு முடிந்து கிளம்பும் மாணவன் ஆசிரியருக்கு எதையெல்லாம் கொடுக்கலாம் என்று ஒரு வரிசை வருகிறது: நிலம், பொன், பசு, குதிரை, குடை, செருப்பு, ஆசனம், தானியம், கீரை, துணி. அவரவர் சக்திக்கு ஏற்றபடி கொடுத்தால் போதும். குதிரை கொடுக்க முடியாதவன் கீரைக்கட்டு கொடுக்கலாம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதைவிட முக்கியமானது அதற்கு முந்தைய சுலோகத்தில் இருக்கும் நிபந்தனை. படிப்பு முடியும் முன்னால் எதுவும் கொடுக்கக் கூடாது. கடைசியில், குருவின் அனுமதியோடு நிறைவுக் குளியலுக்குப் போகும்போது கொடுப்பதுதான் தட்சிணை. மூன்றாம் அத்தியாயத்துக்குப் போனால், கூலி வாங்கிக்கொண்டு கற்பிப்பவனையும், கூலி கொடுத்துக் கற்றவனையும் சிராத்தத்துக்குக் கூப்பிடக் கூடாதவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதாவது முன்பணம் வாங்கினால் கூலி, முடிந்த பிறகு வாங்கினால் மரியாதை. இந்தப் படிப்பே யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பது நமக்குத் தெரியும். அதனால் இதை ஒரு பொற்காலமாகக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் "எப்போது கொடுப்பது" என்பது "என்ன கொடுப்பது" என்பதைவிடப் பெரிய கேள்வி என்று அப்போதே ஒருத்தருக்குப் புரிந்திருக்கிறது.

நம்ம பக்கம் இவ்வளவு கூச்சம் கிடையாது. புறநானூற்று 183ஆம் பாட்டு, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னன் பாடியது. ஆசிரியருக்கு இக்கட்டு வந்தால் உதவு, நிறையப் பொருளும் கொடு, வழிபட்டு நிற்கச் சலிக்காதே, எப்படியாவது படி என்று நேராகவே சொல்கிறான். உதவி முதலில் வருகிறது, பொருள் அடுத்து. பின்னால் இந்த வரிசை நமக்குத் தேவைப்படும். சுமார் ஆயிரம் வருஷம் கழித்து வந்த நன்னூல் இன்னும் வெளிப்படை. யாருக்கெல்லாம் பாடம் சொல்லலாம் என்று ஆறு பேரை அடுக்குகிறது: தன் மகன், தன் ஆசிரியர் மகன், அரசன் மகன், தாராளமாகப் பொருள் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்பவன். மேனேஜ்மென்ட் கோட்டா நாலாவது இடத்தில், மெரிட் கடைசியில். இன்ஜினியரிங் காலேஜ் கட்டியவர்கள் யாரும் பவணந்தி முனிவருக்குச் சிலை வைக்காதது நன்றிகெட்டதனம்.

இதெல்லாம் நூல்கள் சொல்வது. ஊரில் நடந்தது என்ன?

ஊரில் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணி பிடித்து, நெடுங்கணக்கும் எண்சுவடியும் மனப்பாடம் செய்து, சட்டாம்பிள்ளையிடம் குட்டு வாங்கிப் படித்த இடம். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதும்போது இந்தப் பள்ளிக்கூடத்தைப் பிரம்புச் சத்தத்தோடு நம் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார். அங்கே எண்சுவடி எப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்டது, அது ஊர்க் கணக்கோடு எப்படிப் பின்னிக் கிடந்தது என்பதை இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த செந்தில் பாபுவின் ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள். நான் இங்கே வாத்தியாரின் மடியில் என்ன விழுந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதற்கு நமக்குக் கிடைத்த ஒரு பெரிய புதையல், தாமஸ் மன்றோ எடுத்த கணக்கு. தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். சென்னை கவர்னராக இருந்தபோது 1822 ஜூனில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கு எடுத்து அனுப்பச் சொல்லிக் கலெக்டர்களைக் கேட்டார். பதில்கள் வந்து சேரச் சில வருஷம் ஆனது. ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து 1983இல் புத்தகமாகப் போட்டவர் காந்தியவாதி தரம்பால். அதை வைத்து அந்தக் காலத்தில் நம் கல்வி ஓஹோ என்று இருந்தது என்பவர்களும், இல்லவே இல்லை என்பவர்களும் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். நான் அந்தக் கடிதங்களைச் சம்பளப் பட்டியலாக மட்டும் படித்தேன். அப்படிப் படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் (ஊட்டியை உருவாக்கினாரே, அவர்) அனுப்பிய பதிலில், பிள்ளைகள் கட்டும் தொகையைத் தவிர வாத்தியாருக்கு வேறு இரண்டு வரும்படி இருந்ததைக் குறிப்பிடுகிறார். ஒன்று, தசரா மாதிரி பெரிய பண்டிகைகளுக்குப் பெற்றோர் கொடுக்கும் சிறு அன்பளிப்பு. இன்னொன்று, பையன் ஒரு புதுப் புத்தகத்தைத் தொடங்கும்போது கொடுக்கும் காணிக்கை. இந்த இரண்டாவதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாஃப்ட்வேரில் மைல்ஸ்டோன் பேமென்ட் என்று ஒன்று உண்டு. வேலை இந்தக் கட்டத்தைத் தாண்டினால் இவ்வளவு. அதேதான். வருஷம் முடிந்ததற்காகக் கொடுப்பதில்லை. பிள்ளை ஒரு படி ஏறியதற்காகக் கொடுப்பது.

பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இன்னும் விவரமானது. ஐந்து வயதில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் சடங்கு, அரிசியில் எழுத்து, அன்றைக்கே சக்திக்கு ஏற்ப வாத்தியாருக்கு ஒரு காணிக்கை. தினமும் காலையில் முதலில் வருபவன் கையில் சரஸ்வதி பெயரை எழுதுவது, இரண்டாவதாக வருபவனுக்குச் சைபர், மூன்றாமவனுக்கு ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு. (என் அப்பா படித்த காலத்திலும் கடைசியில் வந்தவனுக்குத்தான் அடி அதிகமாம்.) அந்த மாவட்டத்தில் இருந்த 533 பள்ளிகளில் ஒன்றுகூட அரசாங்கத்தின் காசில் நடக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருப்பதாகவும் கேம்பெல் எழுதியிருக்கிறார். ஒரு கலெக்டர் தன் அரசாங்கத்துக்கே எழுதும் கடிதத்தில் இந்த வார்த்தை வருவது சாதாரணம் இல்லை.

இப்போது வருஷக் கடைசிக்கு வருவோம். திண்ணைப் பள்ளிக்கு மார்ச்சும் ஏப்ரலும் கிடையாது. அதன் வருஷம் திரும்பும் இடம் நவராத்திரி. சரஸ்வதி பூஜையன்று சுவடி ஓய்வெடுக்கும், விஜயதசமியன்று புதுப் பிள்ளைகள் சேர்வார்கள். இதற்கு நடுவில் வாத்தியாருக்கான வசூல் நடக்கும். தஞ்சைப் பக்கம் மானம்பூ, செட்டிநாட்டுப் பக்கம் மகர்நோன்பு என்று அந்த நாட்களுக்குப் பெயர். பிள்ளைகள் நல்ல துணி உடுத்தி, கோலாட்டக் கம்பைத் தட்டிக்கொண்டு, வாத்தியாரோடு வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். தெலுங்கு தேசத்தில் கோலாட்டக் கம்புக்குப் பதில் சின்ன வில்லும், அதில் அம்புக்குப் பதில் பூவும். பாட்டில் கேட்பது இரண்டே இரண்டு: வாத்தியாருக்குக் காசு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம். தமிழில் அது அவல், பொரி, கடலையாக இருக்கும். தெலுங்கில் பருப்பும் வெல்லமும். தெலுங்குப் பாட்டு வாத்தியாருக்குக் கேட்கும் தொகை ஐந்து வராகன்.

கணக்குப் போட்டுப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. ஒரு வராகன் சென்னைப் பட்டணத்தில் மூன்றரை ரூபாய். ஐந்து வராகன் என்றால் பதினேழரை ரூபாய். வாத்தியார்களில் பெரும்பாலோர் மாதம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்று மன்றோ எழுதியிருக்கிறார். அப்படியானால் ஒரே வீட்டில் இரண்டரை மாத வருமானத்தைக் கேட்கிறார்கள்! எந்த வீட்டிலும் அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது பாடியவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். பேரத்தில் முதல் விலையை ஏற்றிச் சொல்வது மாதிரிதான் இது. பாட்டில் வந்தால் பேரம்கூட அழகாகி விடுகிறது.

இதில் இருக்கும் சாமர்த்தியத்தைப் பாருங்கள். வாத்தியார் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்பது பிள்ளைகள். அதுவும் அந்த வீட்டுப் பிள்ளையே தன் வீட்டு வாசலில் நின்று கேட்கிறான். இல்லை என்று எப்படிச் சொல்வது? வாத்தியாரின் கௌரவம் காப்பாற்றப்படுகிறது, வீட்டுக்காரருக்கு வாழ்த்து கிடைக்கிறது, பிள்ளைகளுக்கு வெல்லம் கிடைக்கிறது, ஊருக்கு ஒரு வேடிக்கை. உள்ளே ஓடுவது என்னவோ சம்பள பாக்கி வசூல்தான். தெருவே பார்க்கும்போது கொடுப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்பதும் தெரிந்துவிடும். இல்லாத வீட்டுக்கு அந்த ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் பாட்டின் இனிமை கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

மன்றோவிடம் திரும்புவோம். 1826 மார்ச் 10ஆம் தேதி அவர் எழுதிய குறிப்பில் ஒரு திட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு இரண்டு என்று 40 பெரிய பள்ளிகள், வாத்தியாருக்கு மாதம் 15 ரூபாய். தாசில்தார் அளவில் 300 பள்ளிகள், வாத்தியாருக்கு 9 ரூபாய். புத்தகம் தயாரிக்கும் சங்கத்துக்கு மாதம் 700. கூட்டினால் மாதம் 4,000, வருஷம் 48,000 ரூபாய். ஒரு ராஜதானி முழுமைக்கும் அவ்வளவுதான். ஒன்பது ரூபாய் குறைவாகத் தோன்றலாம் என்று அவரே சொல்லிவிட்டு, ஒரு சமாதானமும் சொல்கிறார்: வாத்தியாருக்குப் பிள்ளைகளிடமிருந்து குறைந்தது இன்னொரு ஒன்பது ரூபாயாவது வரும், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவர் நிலைமை ஸ்காட்லாந்தில் ஒரு ஊர்ப் பள்ளி வாத்தியாரின் நிலைமையைவிட மேலாகவே இருக்கும்.

அரசாங்கம் பாதிச் சம்பளம் கொடுக்கும், மீதியைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள். பட்ஜெட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஏன் ஸ்காட்லாந்து? மன்றோ 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், அங்கேயே பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனவர். அவர் சிறுவனாக இருந்த காலத்து ஸ்காட்லாந்தில் வாத்தியாருக்கு என்ன கிடைத்தது என்று தேடிப் போனேன். நம்ம நவராத்திரிக்கு அங்கே ஒரு அண்ணன் இருக்கிறான்.

பெயர் கேண்டில்மாஸ், பிப்ரவரி 2. அன்று பாடம் கிடையாது. பிள்ளைகள் நல்ல உடை உடுத்திப் பள்ளிக்கு வந்து, ஒவ்வொருவராக எழுந்து போய் வாத்தியார் மேஜையில் காசு வைப்பார்கள். சில ஊர்களில் வைத்த தொகைக்கு ஏற்ப லத்தீனில் வாழ்த்துக் கத்துவார்கள். கொஞ்சமாக வைத்தவனுக்கு 'விவாட்', அதற்கு மேலே 'ஃப்ளோரியாட்', தங்கக் காசு வைத்தவனுக்கு 'க்ளோரியாட்'. எல்லாரையும்விட அதிகம் கொடுத்த பையன் அந்த வருஷத்துக்கு ராஜா, அதிகம் கொடுத்த பெண் ராணி. ராஜாவுக்குச் சில பள்ளிகளில் நிஜமான அதிகாரமே உண்டு: அடி வாங்க இருப்பவனை மன்னித்து விடுவிக்கலாம். காசு கொடுத்து வாங்கிய கருணை!

இன்னொன்று சேவல் சண்டை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் ஆளுக்கொரு சேவலோடு பள்ளிக்கூடத்துக்கே வருவார்கள். சண்டையில் செத்த சேவலும், சண்டை போடாமல் ஓடிய சேவலும் வாத்தியாருக்குச் சொந்தம். விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 1790களில் சர் ஜான் சின்க்ளேர் ஊர் ஊராகப் பாதிரிமாரிடம் எழுதி வாங்கித் தொகுத்த ஸ்காட்லாந்துப் புள்ளிவிவரத்தில், ஆப்பிள்கிராஸ் என்ற ஊரின் வாத்தியார் வருமானக் கணக்கில் சேவல் சண்டைக் கட்டணம் ஒரு தனி இனமாகவே இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் கட்டும் மூன்று மாதக் கட்டணத்துக்குச் சமமான தொகை அது. நம்ம சம்பளச் சீட்டில் போனஸ் என்று ஒரு வரி வருவது மாதிரி.

கேண்டில்மாஸ் ராஜாவைப் பற்றிப் படித்தபோது எங்கள் அபார்ட்மெண்ட் பெற்றோர் குழு ஒன்றில் நடந்தது நினைவுக்கு வந்தது. வகுப்பு டீச்சருக்குத் தங்கக் காசு வாங்கலாம் என்று ஒருத்தர் யோசனை சொன்னார். அடுத்த பத்து நிமிஷத்தில் 38 பிள்ளைகளின் பெயரோடு ஒரு லிஸ்ட் வந்துவிட்டது. பணம் அனுப்பியவர் தன் பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் போட வேண்டும், எவ்வளவு என்றும் எழுதலாம். ராத்திரி பத்து மணிக்குள் முப்பது டிக். ஒருத்தர் மட்டும் இரண்டாயிரம். மறுநாள் மீதி எட்டுப் பேரில் ஐந்து பேர். மிஞ்சிய மூன்று பெயரும் தனியாகத் தெரிந்தன. அதில் இரண்டு பேர் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகள். ஒரு பையனின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அந்த லிஸ்டை மனசாரக் கெட்ட எண்ணத்தோடு யாரும் போடவில்லை. ஆனால் 'விவாட்', 'க்ளோரியாட்' என்று கத்துவதற்கும் பச்சை டிக்குக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கேயாவது வருஷத்தில் ஒரு நாள் கத்திவிட்டு முடித்தார்கள். இது போனை எடுக்கும்போதெல்லாம் மேலே பின் செய்யப்பட்டு நின்றது.

ஸ்காட்லாந்துப் பழக்கம் எப்படி ஓய்ந்தது? யாரும் உபதேசம் செய்து நிறுத்தவில்லை. 1803இல் ஒரு சட்டம் வாத்தியார் சம்பளத்தை உயர்த்தி, வீடும் தோட்டமும் கொடுக்கச் சொன்னது. 1872 சட்டம் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களின் கீழ் கொண்டுவந்தது. நிரந்தர வருமானம் வலுக்க வலுக்க, பிப்ரவரி மேஜைக் காசு மெல்லக் காணாமல் போனது. மன்றோவின் திட்டத்துக்கு அந்த யோகம் இல்லை. அவர் 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் செத்துப்போனார். அவருடைய தாசில்தாரிப் பள்ளிகள் 1830களின் நடுவில் மூடுவிழா கண்டன. 1854 உட்ஸ் அறிக்கைக்குப் பிறகு மானியம், இன்ஸ்பெக்டர், பரீட்சை என்று வேறு பாதை. திண்ணை வாத்தியார் மெதுவாகச் சம்பளக்காரர் ஆனார். அந்த இடத்தில் ஒரு சொல் மாற்றம் நடந்தது. நேற்றுவரை காணிக்கையாக இருந்தது, அரசு ஊழியர் நடத்தை விதிகள் வந்ததும் கையூட்டு ஆகக்கூடிய பொருளாகிவிட்டது. பொருள் அதேதான். நடுவில் வந்தது மாதச் சம்பளம்.

இந்தப் பக்கம் ரொம்ப தூரம் போனவர்கள் தென்கொரியர்கள். அங்கே டீச்சருக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் பழக்கம் பேர்போனது. 'சொஞ்சி' என்று அதற்கு ஒரு தனிச்சொல்லே உண்டு. 2016 செப்டம்பரில் லஞ்ச ஒழிப்புச் சட்டம் ஒன்று அமலுக்கு வந்தது. அதன்படி மே 15 ஆசிரியர் தினத்தில் ஒரு பிள்ளை தன் டீச்சருக்குத் தனியாக ஒரு கார்னேஷன் பூ கொடுத்தால்கூடத் தப்பு. மாணவர் பிரதிநிதி எல்லார் முன்னிலையிலும் கொடுத்தால் சரி. பூவுக்கா சட்டம் என்று சிரிப்பு வரும். மார்க் போடும் கையில் யார் பூ இருக்கிறது என்பதுதான் அவர்கள் கவலை. மனு சொன்ன "முடியும் முன்னால் கொடுக்காதே" என்பதைப் பூ வரைக்கும் இழுத்திருக்கிறார்கள்.

நடைமுறைக்கு ஒத்துவரும் யோசனை எனக்கு மாசசூசெட்ஸில் கிடைத்தது. ஆன்சைட்டில் மூன்று வருஷம் அங்கே இருந்தோம், பெரியவள் அப்போது இரண்டாம் வகுப்பு. அந்த மாநில விதிப்படி அரசுப் பள்ளி டீச்சர் ஒருத்தரிடமிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள பரிசு வாங்கக் கூடாது. ஆனால் வகுப்பு மொத்தமும் சேர்ந்து கொடுத்தால் 150 டாலர் வரை போகலாம், ஒரே நிபந்தனை: யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது டீச்சருக்குத் தெரியக் கூடாது. வகுப்புப் பொறுப்பேற்ற ஒரு அம்மா, ஒரு உறையைப் பை பையாகச் சுற்ற விடுவார். கொடுப்பவர் போடுவார், முடியாதவர் அப்படியே அடுத்தவருக்கு அனுப்புவார். கார்டில் மட்டும் எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்துப் போடுவார்கள். கேண்டில்மாஸை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தது மாதிரி இருந்தது.

ஆனால் அங்கே இந்த விதி நியாயமாக வேலை செய்வதற்குக் காரணம், டீச்சருக்குச் சட்டப்படி ஒரு சம்பளம் இருப்பது. நம்ம ஊரில் சின்னத் தனியார் பள்ளிகளின் கதை வேறு. என் சித்தி பெண் அப்படி ஒரு பள்ளியில் பதினோரு வருஷமாக டீச்சர். பள்ளியின் பெயர் வேண்டாம். அவள் வாங்கும் சம்பளத்தைச் சொன்னால், அதே பள்ளியில் எல்.கே.ஜி.க்குக் கட்டும் ஃபீஸோடு நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவீர்கள். 2020இல் பள்ளிகள் மூடியபோது தனியார் பள்ளி ஆசிரியர்கள் எத்தனையோ பேர் பாதிச் சம்பளத்திலும் சம்பளமே இல்லாமலும் இருந்ததும், காய்கறி விற்கவும் கட்டட வேலைக்கும் போனதும் பேப்பரில் வந்த செய்திதான். அந்த இடத்தில் "அவங்களுக்குத்தான் சம்பளம் இருக்கே" என்பது செல்லாது. அங்கே நடப்பது இன்னும் திண்ணைப் பள்ளிப் பொருளாதாரம். ஒரு வித்தியாசம், பெற்றோர் கொடுக்கும் பணம் இப்போது நிறையத்தான் இருக்கிறது. வாத்தியார் மடிக்கு வந்து சேர்வதில்லை.

அவளிடம் ஒரு தடவை கேட்டேன், வருஷக் கடைசியில் என்னவெல்லாம் வரும் என்று. "அண்ணா, வீட்டுல ஒம்பது சுவர்க் கடிகாரம் இருக்கு. ஒண்ணு கூட ஒரே மணி காட்டாது" என்றாள். போட்டோ ஃபிரேம், 'உலகத்தின் சிறந்த டீச்சர்' என்று எழுதிய கப், பிளாஸ்டிக் பூங்கொத்து. கட்டவே முடியாத கலரில் இரண்டு புடவை. "சரி, உனக்கு நிஜமா என்ன வேணும்?" என்றேன். யோசிக்கவே இல்லை. "நல்ல செருப்பு. நாள் முழுக்க நின்னு நின்னு குதிகால் போயிருச்சு. கிளாஸ்ல டீச்சருக்கு நாற்காலி கிடையாது, உட்கார்ந்தா சுறுசுறுப்பு குறையுதாம்."

செருப்பும் ஆசனமும். மனுவின் பத்துப் பொருளில் அடுத்தடுத்து இருப்பவை. அந்தப் பட்டியல் போட்டவர் எப்போதாவது நாள் முழுக்க நின்றுகொண்டு பாடம் சொன்ன ஆளாக இருக்க வேண்டும்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயர் லிஸ்ட் போடாதீர்கள். ஒருத்தரிடம் மட்டும் பணம் சேரட்டும், அவர் வாயை மூடிக்கொள்ளட்டும். பரீட்சைப் பேப்பர் திருத்தி, ரேங்க் கார்டு கைக்கு வந்த பிறகு கொடுங்கள். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி டீச்சருக்குப் பிள்ளை கைப்பட எழுதிய ஒரு பக்கம் போதும், விதிக்கும் அது இடிக்காது. சம்பளம் குறைவான டீச்சர் என்றால் கடிகாரம் வாங்கும் பணத்தை, அவரே போய் எதையும் வாங்கிக்கொள்ளும்படி கடைக் கூப்பனாகக் கொடுங்கள். பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் நாற்காலியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள், அதற்குக் காசே வேண்டாம். எங்கள் குழுவில் அந்தப் பச்சை டிக் லிஸ்டை எடுக்க ஒரு வாரம் பேச வேண்டியிருந்தது. தங்கக் காசு வாங்கவே செய்தார்கள். கார்டில் 38 பெயரும் இருந்தன.

புறநானூற்றுப் பாட்டில் பொருளுக்கு முன்னால் வந்த அந்த 'இக்கட்டில் உதவி'க்கும் ஒரு நவீன வாரிசு இருக்கிறது. ராதாகிருஷ்ணன் பிறந்த நாள் ஆசிரியர் தினமான அதே 1962இல், ஆசிரியர்களுக்கான தேசிய நல நிதி ஒன்றும் தொடங்கப்பட்டது. கஷ்டத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உதவத்தான். செப்டம்பர் 5 அன்று பள்ளிகளில் சின்னக் காகிதக் கொடி விற்று அதற்குப் பணம் சேர்ப்பார்கள். சட்டையில் குத்திக்கொண்டு போனது என் வயதுக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். கொடுத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது, வாங்கப்போகும் டீச்சர் யார் என்று கொடுப்பவருக்கும் தெரியாது.

மானம்பூப் பாட்டுகளை ஊர்வாரியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால், நவராத்திரிக்கு வாத்தியாரோடு கோலாட்டம் அடித்துப் போனது நினைவிருக்கிறதா, வாத்தியாருக்கு எவ்வளவு கேட்டுப் பாடினார்கள், தங்களுக்குத் தின்ன என்ன கிடைத்தது என்று கேட்டு, ஊர்ப் பெயரோடு எனக்கு எழுதுங்கள். போனில் பாடச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது.